கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால்: முதலில் நகல், பிறகுதான் பழுது!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் கிடையாது. சமூகப் பணி படித்தவள். ஆனால் நம்ம வேலையில் பாதி இப்போது கம்ப்யூட்டருக்குள்ளே போய்விட்டது. அதனால் கேட்டும், படித்தும், கழற்றிப் பார்த்தும் கற்றுக்கொண்டதை உங்களிடம் சொல்கிறேன்.

பின்வரிசையில் ஒரு அம்மா, "எங்க வீட்ல இருக்கிறது ரெண்டு மாடு, நாலு ஆடு. எனக்கெதுக்கு இது?" என்று பக்கத்தில் இருக்கிறவரிடம் சொன்னது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். அம்மா, அந்த மாடு வாங்கின கடன் கணக்கு எங்கே இருக்கிறது? குழுவின் பேரேட்டில் இருக்கிறது. அதே கணக்கு நம்ம கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. உங்க பேத்தியின் மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்து வைத்திருப்பது வீட்டு மடிக்கணினியில். கல்யாண போட்டோவும் அதில்தான். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இன்றைக்கும் நம்ம ஊர் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. குழுக் கடன் வாங்கி ஜெராக்ஸ் கடை, ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கும் சகோதரிகளும் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே இது எல்லோருக்கும் உள்ள விஷயம்தான்.

டிஸ்க் போனால் என்ன போகும்?

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே கூட்டமைப்பின் கம்ப்யூட்டர் ஒரு நாள் 'டிக், டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. அதையே இரண்டு நாள் மாற்றி மாற்றி ஆன் பண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு கடைக்குக் கொண்டுபோனார்கள். கடையில் "ஃபார்மட் பண்ணட்டுமா?" என்று கேட்க, இவர்கள் அர்த்தம் தெரியாமல் தலையாட்டிவிட்டார்கள். ஐந்து மாதக் கடன் வசூல் கணக்கு போய்விட்டது. அந்த ஐந்து மாதமும் நோட்டில் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள்.

வங்கியில் கேட்டால் தெரியாதா என்பீர்கள். வங்கி ஸ்டேட்மென்டில் குழு மொத்தமாகக் கட்டிய தொகைதான் இருக்கும். அதில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது இருக்காது. பாஸ் புத்தகத்தில் வரவு வைத்துக்கொண்டவர்களுக்குப் பிரச்சினை இல்லை. வரவு வைக்காத இரண்டு பேரில் ஒருவர் "நான் கட்டிட்டேன்" என்கிறார், இன்னொருவர் "நானும்தான் கட்டினேன்" என்கிறார். தொகையோ ஒருவருக்குத்தான் வருகிறது. மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து பேசி ஒருவழியாக முடித்தார்கள். கணக்கு நேரானது. ஆனால் அந்த இரண்டு பேரும் பழையபடி பேசிக்கொள்ளவில்லை.

புது டிஸ்க் கடையில் கிடைக்கும். பழைய கணக்கு கடையில் கிடைக்காது. நம்பிக்கையும் கிடைக்காது. நான் இன்று சொல்லப்போகும் எல்லாமும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்: பழுது பார்ப்பது இரண்டாவது வேலை. உள்ளே இருப்பதை நகல் எடுப்பது முதல் வேலை.

ஹார்டு டிஸ்க் என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் நாம் டைப் அடிப்பது, போட்டோ, பாட்டு, கணக்கு எல்லாம் தங்குகிற இடம்தான் ஹார்டு டிஸ்க். திரையை வீட்டு வாசல் என்று வைத்துக்கொண்டால், டிஸ்க்தான் உள்ளே இருக்கும் நெல் குதிர்.

1956-இல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. எடை கிட்டத்தட்ட ஒரு டன். அவ்வளவு பெரிய கருவியில் 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைக்க முடிந்தது. இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் இரண்டு நல்ல போட்டோவுக்கே அந்த இடம் பத்தாது. இப்போது உள்ளங்கையில் அடங்கும் டிஸ்க்கில் லட்சக்கணக்கான போட்டோ வைக்கலாம்.

அளவு குறைந்தாலும் வேலை செய்யும் விதம் அதேதான். மூடிய பெட்டிக்குள் பளபளப்பான தட்டு சுழலும். சாதாரணமாக நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று. நீங்கள் 'ஒன்று' என்று எண்ணும் ஒரு நொடிக்குள் 90 அல்லது 120 சுற்று சுற்றிவிடும். தட்டுக்கு மேலே சின்னக் கை மாதிரி ஒரு பாகம் போய் வரும். அதன் முனைதான் எழுதுகிறது, படிக்கிறது. முனைக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நம் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓடும்போது மடிக்கணினியைத் தட்டினாலோ, கீழே போட்டாலோ ஏன் கெட்டுப்போகிறது என்று இப்போது புரிகிறதா?

புதிதாக வரும் கம்ப்யூட்டர்களில் எஸ்.எஸ்.டி. என்ற வகை இருக்கும். அதில் சுழலும் தட்டு கிடையாது. பென்டிரைவ் மாதிரி சிப்பில் எழுதும். வேகம் அதிகம், அதிர்ச்சியையும் தாங்கும். ஆனால் அதுவும் ஒரு நாள் நிற்கும். நிற்கும்போது சத்தம்கூடப் போடாமல் திடீரென்று நின்றுவிடலாம். ஆகவே "எங்களது எஸ்.எஸ்.டி., எங்களுக்குக் கவலையில்லை" என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

நான்கு வகைக் கோளாறு

ஹார்டு டிஸ்க் பிரச்சினை என்று வந்தால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

1. பொருளடக்கம் கலைந்துபோவது. எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று டிஸ்க்கில் ஒரு பட்டியல் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தப் பட்டியல் பாதியில் நின்றுவிடும். தீர்மானப் புத்தகத்தில் பாதி எழுதும்போது யாரோ பேனாவைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும், பட்டியல்தான் தப்பாக இருக்கும். இதை நாமே சரி செய்யலாம்.

2. டிஸ்க்கில் சில இடம் கெட்டுப்போவது. இதை 'பேட் செக்டார்' என்பார்கள். உங்களுக்குத் தெரிந்த மாதிரி சொன்னால், நல்ல வயலில் ஒரு மூலை உவர் பட்டுப்போவது. அங்கே விதைத்தால் முளைக்காது. விவசாயி அந்த மூலையை விட்டுவிட்டு மற்ற இடத்தில் நடுவார். டிஸ்க்கும் அப்படித்தான். கெட்ட இடத்தைக் குறித்துவைத்துவிட்டு, கூடுதலாக ஒதுக்கியிருக்கும் நல்ல இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு மூலையோடு நின்றால் பரவாயில்லை. மாதத்துக்கு மாதம் உவர் பரவினால் அந்த வயலை நம்ப முடியாது.

3. வயர் தளர்வது. மேசைக் கம்ப்யூட்டரில் டிஸ்க்குக்கு இரண்டு வயர் போகும். ஒன்று கரண்டுக்கு, ஒன்று தகவலுக்கு. இடம் மாற்றும்போது வயர் தளர்ந்தாலும், தூசி அடைந்தாலும் 'டிஸ்க் இல்லை' என்று கம்ப்யூட்டர் சொல்லும். வயரை மறுபடி அழுத்திச் செருகினாலே சரியாகிவிடும். இதற்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கியவர்கள் உண்டு.

4. டிஸ்க்கின் உள்பாகமே பழுதாவது. மோட்டார், முனை, அடியில் இருக்கும் சர்க்யூட் ஆகியவை போவது. இதை வீட்டில் சரி செய்ய முடியாது.

எந்த அடையாளத்தைப் பார்த்தால் உஷாராக வேண்டும்?

* முன்பு உடனே திறந்த கோப்பு, இப்போது நிமிடக் கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பது.
* சில கோப்புகள் மட்டும் திறக்காமல் 'ரீட் எர்ரர்', 'கரப்ட்' என்று வருவது.
* கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக நின்று, நீலத்திரை வருவது.
* ஆன் செய்யும்போதெல்லாம் டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று தானாகவே சொல்வது.
* 'ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்' என்று கறுப்புத்திரையில் வருவது. டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். 'எனக்கு முடியலை, நகல் எடுத்துட்டு வேற டிஸ்க் போடு' என்று டிஸ்க்கே வாய்விட்டுச் சொல்கிறது. இதை அலட்சியம் பண்ணக் கூடாது.
* 'டிக், டிக்' சத்தம், உரசும் சத்தம். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை சுழலும்போதும் முனை தட்டை உரசி, எடுக்கக்கூடியதையும் அழித்துவிடலாம். கால் முறிந்தவரை "நடந்து காட்டு, நடந்து காட்டு" என்று சொல்வோமா?

நாமே செய்யக்கூடியது: வரிசை மாறாமல்!

முதல் படி: நகல். கம்ப்யூட்டர் மெதுவாகவாவது ஓடுகிறதா? சத்தம் இல்லையா? அப்படியானால் வேறு எதையும் தொடுவதற்கு முன் முக்கியமானதை மட்டும் பென்டிரைவுக்கோ, வெளி டிஸ்க்குக்கோ மாற்றுங்கள். குழுக் கணக்கு முதலில், சான்றிதழ்கள் இரண்டாவது, குடும்பப் போட்டோ மூன்றாவது. சினிமாவும் பாட்டும் கடைசி. வீடு ஒழுகும்போது எதை முதலில் எடுத்து வைப்போம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம்.

விண்டோஸே திறக்கவில்லை என்றால் பயந்துவிட வேண்டாம். விண்டோஸ் கெட்டு டிஸ்க் நன்றாக இருக்கலாம். உபுண்டு போன்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் திறந்து கோப்புகளை நகல் எடுக்க முடியும். இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி, அதற்கென்று கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி. வயர் மூலம் இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டியும் எடுக்கலாம். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும், கூப்பிட்டுக் கேளுங்கள்.

இரண்டாம் படி: வயர். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டிஸ்க்குக்குப் போகும் இரண்டு வயரையும் எடுத்துச் செருகுங்கள். பென்டிரைவ் ஏதாவது மாட்டியிருந்தால் அதையும் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். மறந்துபோய் விட்டுவைத்த பென்டிரைவாலேயே சில சமயம் கம்ப்யூட்டர் திறக்காது.

மூன்றாம் படி: சோதனை. விண்டோஸில் 'திஸ் பிசி' என்பதைத் திறந்து, சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராபர்ட்டீஸ்' போங்கள். அதில் 'டூல்ஸ்', அதற்குள் 'செக்' என்ற பொத்தான். 'சோதிக்கத் தேவையில்லை' என்று அதுவே சொன்னாலும் 'ஸ்கேன் டிரைவ்' கொடுங்கள். பிழை இருந்தால் சரி செய்யட்டுமா என்று கேட்கும்.

அதிலும் தீரவில்லை என்றால் 'செக் டிஸ்க்' என்ற கட்டளை இருக்கிறது. 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்பதை வலது கிளிக் செய்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து, ஆங்கிலத்தில் சி, எச், கே, டி, எஸ், கே என்ற ஆறு எழுத்து, ஒரு இடைவெளி, சி, இரட்டைப் புள்ளி, மறுபடி இடைவெளி, சாய்கோடு, எஃப் என்று அடிக்க வேண்டும். எஃப் போட்டால் பொருளடக்கத்தைச் சரி செய்யும். எஃப்-க்குப் பதில் ஆர் போட்டால் அதோடு கெட்ட இடங்களையும் தேடி, படிக்க முடிந்ததை மீட்டு எடுக்கும். சி டிரைவ் உபயோகத்தில் இருப்பதால், அடுத்த முறை ஆன் செய்யும்போது பார்க்கட்டுமா என்று கேட்கும். ஒய் அடித்து, என்டர் தட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஆர் போட்டால் டிஸ்க் முழுவதையும் தேடும். பல மணி நேரம் ஆகலாம். நடுவில் நிறுத்தக் கூடாது. கரண்ட் நிற்கும் நேரம் பார்த்து ஆரம்பிக்காதீர்கள், மடிக்கணினி என்றால் சார்ஜரை மாட்டிவிட்டு ஆரம்பியுங்கள். இரண்டாவது, சாகும் நிலையில் உள்ள டிஸ்க்குக்கு இந்தத் தேடலே பெரிய பாரம். அதனால்தான் நகல் எடுக்காமல் இதைத் தொடாதீர்கள் என்று வரிசை வைத்துச் சொன்னேன்.

நான்காம் படி: டிஸ்க்கின் ஆரோக்கியம். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. திறந்தவுடன் நீலம் என்றால் நல்லது, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம் என்று காட்டும். மஞ்சள் வந்தால், கெட்ட இடங்களின் எண்ணிக்கையைத் தேதி போட்டு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த வாரமும் பாருங்கள். எண்ணிக்கை ஏறினால் உவர் பரவுகிறது என்று அர்த்தம். டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.

செய்யவே கூடாதவை

* பென்டிரைவையோ டிஸ்க்கையோ மாட்டும்போது 'ஃபார்மட் பண்ண வேண்டும், செய்யட்டுமா?' என்று கேட்டால் சம்மதம் கொடுக்காதீர்கள். ஃபார்மட் என்பது சிலேட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது. 'கேன்சல்' கொடுத்துவிட்டுத் தெரிந்தவரைக் கேளுங்கள்.
* அழிந்த கோப்பை மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் ஏற்றாதீர்கள். அழிந்த கோப்பு இருந்த இடத்திலேயே அது போய் உட்கார்ந்துவிடும். பிறகு மீட்க முடியாது.
* டிஸ்க் பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்க்காதீர்கள். ஒரு தூசி விழுந்தாலே முனைக்கும் தட்டுக்கும் நடுவே அது பாறை மாதிரி.
* ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும், தட்டினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குளிரில் வைத்து எடுத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

கடைக்குப் போனால் நம்மில் பலர் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று கொடுத்துவிட்டு வருகிறோம். வங்கி மேலாளரிடம் நேருக்கு நேர் பேசிக் கடன் வாங்குகிற நாம், கம்ப்யூட்டர் கடையில் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

1. "கோளாறு பொருளடக்கத்திலா, டிஸ்க்கிலா, வயரிலா?"
2. "ஃபார்மட் பண்ணாமல் முடியாதா? பண்ணுவதற்கு முன்னால் என் கோப்புகளை நகல் எடுத்து எனக்குக் காட்டுவீர்களா?"
3. "உள்ளே இருப்பதை மீட்க எவ்வளவு ஆகும்? மீட்க முடியவில்லை என்றாலும் பணம் கட்ட வேண்டுமா?" உள்பாகம் பழுதான டிஸ்க்கிலிருந்து மீட்பதற்குத் தூசி இல்லாத தனி அறை வேண்டும். அதற்கென்று உள்ள இடங்களில்தான் செய்வார்கள், செலவு ஆயிரக்கணக்கில் போகும். எனவே முன்கூட்டியே கேட்டு, எழுதி வாங்குங்கள்.
4. "புது டிஸ்க் போட்டால் பில்லும் உத்தரவாத அட்டையும் தருவீர்களா?"
5. "பழைய டிஸ்க்கை என்னிடம் திருப்பித் தருவீர்களா?"

ஐந்தாவது கேள்விதான் பெண்களாகிய நமக்கு மிக முக்கியம். கெட்ட டிஸ்க் என்று நாம் விட்டுவிட்டு வருவதில் நம் ஆதார் நகல், வங்கிப் பாஸ் புத்தக நகல், குழு உறுப்பினர்கள் எல்லோருடைய கைப்பேசி எண், நம் வீட்டுப் பெண் பிள்ளைகளின் போட்டோ எல்லாம் இருக்கலாம். நமக்குத் திறக்கவில்லை என்பதால் யாருக்குமே திறக்காது என்று அர்த்தமில்லை. உத்தரவாத காலத்துக்குள் மாற்றித் தரும்போது பழைய டிஸ்க்கைக் கம்பெனி எடுத்துக்கொள்வது வழக்கம். அதையும் தெரிந்துகொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

வருமுன் காப்பது

கம்ப்யூட்டரைத் தரையில் வைக்காமல் மேசையில் வையுங்கள். தூசியும் எறும்பும் குறையும். காற்றுப் போகும் துவாரத்தைத் துணி போட்டு மூடி ஓட்டாதீர்கள், சூடு டிஸ்க்குக்கு எதிரி. மேசைக் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். அவசியம். கரண்ட் போனபின் அது கொடுக்கும் சில நிமிடங்கள் மேற்கொண்டு வேலை பார்ப்பதற்காக இல்லை, சேமித்துவிட்டு முறைப்படி ஆஃப் செய்வதற்காக. மடிக்கணினியை டூ வீலரில் கொண்டுபோகும்போது மூடியை மட்டும் மூடிவிட்டுப் போகாமல், 'ஷட் டவுன்' செய்துவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலானது நகல்தான். இதை நான் புதிதாகச் சொல்லித்தரவில்லை. குழு ஆரம்பித்த நாளிலிருந்து நீங்கள் செய்துவருவதுதான். சேமிப்புப் பணம் கொடுத்தால் குழுவின் பேரேட்டிலும் எழுதுகிறோம், உறுப்பினர் கையில் இருக்கும் பாஸ் புத்தகத்திலும் எழுதுகிறோம். ஏன்? ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று பேசும் என்பதற்காக. ஒன்று குழுவிடம், ஒன்று உறுப்பினர் வீட்டில் என்று இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் படித்தவர்கள் 'பேக்கப்' என்று சொல்வதும் இதையேதான். மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வெளியிடத்தில் என்பது அவர்கள் கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாத நம் மூத்த உறுப்பினர்கள்கூடப் பாஸ் புத்தகத்தை அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தப் பழக்கத்தை நாம் கைவிட்டுவிடக் கூடாது.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"மேடம், பென்டிரைவ்ல போட்டு வச்சா போதும்ங்களா?"

போதாதுக்கா. பென்டிரைவும் கெடும், தொலையும். கணக்குக்கு இரண்டு பென்டிரைவ் வைத்து, ஒரு வாரம் இது, மறு வாரம் அது என்று மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்று அலுவலகப் பீரோவில், இன்னொன்று பொருளாளர் வீட்டில். எடுத்த பிறகு ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல், நகலே இல்லை.

"எம்பொண்ணு சர்டிபிகேட்டெல்லாம் அவ லேப்டாப்லதான் இருக்கு. என்ன பண்ணட்டும்?"

மூலச் சான்றிதழ் உங்கள் கையில் இருக்கும், அது பத்திரம். ஸ்கேன் பிரதியை அவள் மின்னஞ்சலுக்கே ஒரு முறை அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். மத்திய அரசு 2015-இல் கொண்டுவந்த டிஜிலாக்கரிலும் வைக்கலாம். கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

"பழைய கம்ப்யூட்டரை விக்கலாம்னு இருக்கோம். ஃபார்மட் பண்ணிட்டா எல்லாம் அழிஞ்சிடுமா?"

'குயிக் ஃபார்மட்' என்றால் பொருளடக்கத்தை மட்டும்தான் கிழிக்கும், பக்கங்கள் அப்படியே இருக்கும், விவரம் தெரிந்தவர்கள் எடுத்துவிடுவார்கள். சுழலும் தட்டு வகை டிஸ்க் என்றால், இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, 'குயிக்' என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு முழுமையாக ஃபார்மட் செய்யுங்கள். நேரம் ஆகும், ஆனால் பத்திரம். ஓடாத டிஸ்க் என்றால் விற்கவே வேண்டாம். தடித்த துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துவிடுங்கள். உள்ளே கண்ணாடித் தட்டாக இருந்தால் சிதறும், கண் ஜாக்கிரதை.

"நோட்டுலயும் எழுதி, கம்ப்யூட்டர்லயும் ஏத்தணும்னா ரெட்டை வேலை இல்லீங்களா?"

ரெட்டை வேலைதான் அக்கா, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டாவது வேலை ஒரு உறுப்பினருக்கு ஒரு நிமிடம். கணக்குத் தொலைந்தால் எத்தனை நாள் வேலை, எவ்வளவு மனக்கசப்பு என்று முதலிலேயே சொன்னேன்.

ஒரு வேண்டுகோள்

பேச்சைக் கேட்டோம், கைதட்டினோம், கலைந்தோம் என்று இருந்தால் பயன் இல்லை. அதனால் இன்றைய கூட்டத்திலேயே கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. கூட்டமைப்புக் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கு வாரம் ஒரு முறை நகல் எடுக்கப்படும். எடுத்தவர் பெயரும் தேதியும் ஒரு நோட்டில் எழுதப்படும்.
2. மாதக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேமிப்பு, கடன், வசூல் ஆகியவற்றுடன் 'நகல் எடுத்தாச்சா?' என்பதும் ஒரு பொருளாக இருக்கும்.
3. எந்தக் குழுவும் பேரேட்டையும் பாஸ் புத்தகத்தையும் எழுதுவதை நிறுத்தாது.
4. கம்ப்யூட்டர் கெட்டால், இரண்டு பொறுப்பாளர்கள் சேர்ந்து போகாமல், நகல் பற்றிக் கேட்காமல் கடையில் கொடுக்கப்படாது.

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து, கம்ப்யூட்டர் இருக்கும் சுவரில் ஒட்டிவையுங்கள். கம்ப்யூட்டர் இல்லாத சகோதரிகள் இன்று வீட்டுக்குப் போனதும் பாஸ் புத்தகத்தை எடுத்து, கடைசியாகக் கட்டின தவணைக்கு வரவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அது உங்கள் பணம்.